சிறிய சேர்வருக்கு அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா?

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுவையைப் பதியும் ஜாங்கோ (பைதான் மொழியில் வலைச் செயலிகளை எழுத உதவும் கட்டமைப்பு) செயலியை 1 ஜிபி நினைவகமுள்ள வாடகைச் சேர்வரில் ஏற்றவிருப்பதாகவும், இணையக் கோரிக்கைகளை வாங்கிப் பதிலளிக்கும் வெப் சேர்வர் மென்பொருளாக அப்பாச்சியா என்ஜின்எக்ஸா என்று தீர்மானிக்க முடியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தெரிவு என்ஜின்எக்ஸ். அதற்கு முதற்காரணம் வேகமல்ல, கொழுந்து நிறுக்கும் உங்கள் மடுவத்தில் கிடைக்கும் சிக்னல்.

மலை மறைவிலிருந்து ஒரு கோரிக்கை வந்து சேரவே பல விநாடிகள் பிடிக்கும்போது, ஜாங்கோவை இயக்கும் கியூனிகார்ன் நேரடியாக இணையத்தை எதிர்கொண்டால், அதன் இரண்டு மூன்று வேர்க்கர்களும் (கோரிக்கைகளைக் கையாளும் செயல்முறைகள்) அந்த மந்தமான இணைப்புகளுக்காகவே காத்துக் கிடக்கும். முன்னே நிற்கும் என்ஜின்எக்ஸோ கோரிக்கையை முழுவதுமாக வாங்கிய பின்னரே உள்ளே அனுப்புகிறது. பதிலையும் தானே பெற்றுவைத்து, தொலைபேசி இழுக்கும் வேகத்துக்கு மெல்ல விடுகிறது.

அப்பாச்சியின் பழைய ப்ரீஃபோர்க் முறையில் ஒவ்வோர் இணைப்பும் ஒரு தனிச் செயல்முறையைப் பிடித்துக்கொள்வதால் 1 ஜிபி விரைவில் தீர்ந்துவிடும். சில செயல்முறைகளே பல இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஈவென்ட் முறை அந்தக் குறையைப் பெருமளவு போக்கிவிட்டது. ஆகவே அப்பாச்சி ஏற்கெனவே கைவந்தவர்கள் அதை விட்டு ஓட வேண்டியதில்லை.

தராசின் படத்தை ஏற்றும்போது 413 என்ற பிழை வந்தால் ஜாங்கோவைக் கிளறி நேரத்தை வீணாக்காதீர்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட பதிவேற்றத்தை ஏற்பதில்லை, இன்றைய கைத்தொலைபேசிப் படங்களோ பெரும்பாலும் அதைத் தாண்டியவை. என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ (client_max_body_size) என்ற வரியில் 10m, அதாவது 10 எம்பி, என்று கொடுங்கள். சேமித்ததும் ‘என்ஜின்எக்ஸ் -டி’ (nginx -t) கட்டளையால் அமைப்புக் கோப்பைச் சோதித்து, அது சரியென்ற பிறகே ரீலோட் செய்யுங்கள்.