சின்ன காரில் நாலு சைக்கிள்: எந்த கேரியர் வாங்குவது?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்களிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக் கார். நான், கணவர், 12 வயது மகன், 8 வயது மகள், நாலு பேருக்கும் சைக்கிள் இருக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆருக்கும், லீவு விட்டால் ஏலகிரிக்கும் கொண்டுபோக ஆசை. கடையில் பின்கதவில் பெல்ட் போட்டு மாட்டும் கேரியரைக் காட்டி, 3,800 ரூபாய், எல்லா காருக்கும் செட் ஆகும், நாலு சைக்கிளும் நிற்கும் என்கிறார்கள். வாங்கலாமா? என் சைக்கிள் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்.”

வேண்டாம், அதை வாங்காதீர்கள்.

பெல்ட் கேரியரே மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தயாரிப்பாக, உங்கள் கார் மாடலுக்குப் பொருந்தும் என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால், இரண்டு சைக்கிளை அது வருஷக்கணக்கில் சுமக்கும். எனக்குப் பயம் “எல்லா காருக்கும் செட் ஆகும்” என்ற அந்த வார்த்தையில்தான். இருபது வருஷமாக சைக்கிள் விற்று, பழுது பார்த்து, கேரியரும் மாட்டிக் கொடுக்கிறேன், எல்லா காருக்கும் பொருந்துகிற ஒரு கேரியரை இதுவரை பார்த்ததில்லை. அதன் மேல் கொக்கி உங்கள் பின்கதவின் மேல் விளிம்பைப் பிடிக்க வேண்டும். இன்றைய ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது பிளாஸ்டிக் ஸ்பாய்லர், அதற்குக் கீழே கண்ணாடி. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது மொத்த எடையும் அந்தப் பிளாஸ்டிக்கில்தான் போய் இழுக்கும். அப்புறம், நாலு நிற்கும் என்கிறாரே, அட்டைப் பெட்டியைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இந்த வகையில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று சைக்கிள், ஒன்றுக்கு 15 கிலோ என்ற கணக்கில்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. வீட்டில் ஒரு டேப்பை எடுத்து உங்கள் கணவரின் சைக்கிளை முன் டயர் நுனியிலிருந்து பின் டயர் நுனிவரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய 1.75 மீட்டர் வரும். சின்ன காரின் அகலம் 1.7 மீட்டருக்குள்தான். பின்னால் குறுக்காக மாட்டினால் டயர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேடவாக்கம் கூட்ரோட்டில் இடது பக்கம் சந்து கிடைத்தால் நுழைகிற பைக்காரரின் முழங்கால் உயரத்தில் அது இருக்கும். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எத்தனை பேர் கழற்றுகிறார்கள்?

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-1ஏ பிரிவின்படி, சுமை அனுமதித்த அளவைத் தாண்டி பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டை மறைத்தால் அது தனிக் குற்றம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிரிட்டனில் கேரியர் நம்பரை மறைத்தால் கேரியர்மேல் விளக்கோடு இன்னொரு பலகை மாட்டிக்கொள், போ என்கிறார்கள். நம் ஊரில் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கழற்ற முடியாதபடி பூட்டிக் கொடுத்துவிட்டார்கள், அது சரி, திருட்டைத் தடுக்கிறது. ஆனால் குடும்பத்தோடு சைக்கிள் கொண்டுபோகிறவர் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவே இல்லை. ஒரு செக்போஸ்ட்டில் விடுவார்கள், அடுத்ததில் நிறுத்துவார்கள். இந்தப் பாட்டை என் வாடிக்கையாளர்கள் மாதாமாதம் வந்து சொல்கிறார்கள்.

சரி, உங்களுக்கு என்னதான் வழி? காரின் கூரைமேல் ஏற்றுவதுதான், ஆனால் நாலையும் அல்ல. முதலில் எடை. வீட்டில் எடை மெஷின் இருந்தால் அதன்மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். உத்தேசமாகச் சொல்கிறேன்: கணவருடையது 15 கிலோ, உங்களுடையது 16, மகனுடையது 13, மகளுடையது 10. மொத்தம் 54. இதோடு கூரையின் குறுக்குக் கம்பிகள் 5 கிலோ, சைக்கிள் பிடிக்கும் தட்டு ஒவ்வொன்றும் மூன்றரை கிலோ சேர்ந்தால் 73. உங்கள் காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், சின்ன காருக்கு 50 கிலோ போட்டிருந்தால் அதுவே அதிகம். ஆகவே நாலையும் மேலே ஏற்ற முடியாது. பெரியவர்கள் இருவரின் சைக்கிளை மட்டும் மேலே ஏற்றுங்கள், கம்பி தட்டு எல்லாம் சேர்த்து 43 கிலோவில் முடியும்.

பிள்ளைகள் சைக்கிள் இரண்டும் காருக்குள். பின்சீட் இரண்டாகப் பிரிந்து மடிகிற மாடல்தானே? சின்னப் பகுதியை மடக்குங்கள், பிள்ளைகள் இருவரும் பெரிய பகுதியில் பெல்ட் போட்டு உட்காரட்டும். சக்கரங்களைக் கழற்றி, செயின் பக்கத்தைப் பழைய போர்வையில் சுற்றி, டிக்கியிலிருந்து சீட் வரை நீட்டிப் படுக்க வைத்து இறுக்கிக் கட்டிவிடுங்கள். கட்டாமல் மட்டும் வைக்காதீர்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெடல் இடித்தால் கழற்றலாம். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் மிதித்து மிதித்து இறுக்கி, கடைசியில் என்னிடம் கொண்டு வருவார்கள்.

கூரை கேரியரிலும் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வண்டி டெலிவரி எடுக்கும்போதே ஆக்சஸரி என்று தலையில் கட்டும், கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் வரும் ரூஃப் ரெயில்களில் நிறைய வெறும் அழகுக்கு. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியது. போன வருஷம் ஒருவர் வந்தார், அதில் குறுக்குக் கம்பி மாட்டித் தரச் சொன்னார். ரெயிலின் கால் பக்கம் நகத்தை விட்டு லேசாக நெம்பினேன், கறுப்பு டேப் சூயிங்கம் மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அதன்மேல் இரண்டு சைக்கிளை ஏற்றி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கம்பெனியே போட்ட ரெயிலிலும் சுமை ஏற்றக்கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருக்கலாம், படியுங்கள். ரெயில் இல்லாத கூரைக்குக் கதவுச் சட்டத்தைக் கவ்வும் கிட் கிடைக்கும், உங்கள் மாடல் பெயரும் வருஷமும் போட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூரைக்குக் கேரியரே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி கேரியர் போட்டுப் படுக்க வைத்துக் கயிறு கட்டுவதும் வேண்டாம், பின் கியர் வளைந்துபோகும்.

உங்கள் லேடீஸ் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் எல்லாரும் பார் வைத்த சைக்கிளை வைத்தே பேசுவார்கள். தொங்கவிடும் கேரியர் மேல் பாரைப் பிடிக்கும், உங்களுக்கு அந்தப் பாரே இல்லை. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டும் தனிக் கம்பி ஒன்று விற்கிறார்கள், அதை மாட்டலாம், ஆனால் கனமான சைக்கிளை வைத்து மலைப்பாதையில் போக எனக்கு மனசு வராது. ஏலகிரிக்கே 14 கொண்டை ஊசி வளைவு. முன் சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டும் வகையும் சரிப்படாது, அது ஸ்பேனர் இல்லாமல் கைப்பிடியைத் திருப்பியே கழற்றும் குயிக் ரிலீஸ் சக்கரத்துக்குச் செய்தது, உங்களுடையது நட்டு போட்ட சக்கரம். ஆகவே இரண்டு சக்கரமும் தட்டில் உட்கார்ந்து, ஒரு கை வந்து ஃபிரேமின் சாய்வுக் கம்பியைக் கவ்வும் வகைதான் வேண்டும். அதிலும் லேடீஸ் சைக்கிள்களில் சாய்வுக் கம்பி இரண்டாக இணைந்து வரும், அந்தக் கவ்வியின் வாய் அதற்குப் போதாமல் போகலாம். சைக்கிளையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கூடையைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள்.

மேலே ஏற்றியதும் வண்டி எட்டரை அடி உயரம். அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் நுழையக்கூடாது, ஸ்டியரிங்கிலேயே ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள். கிளம்பி பத்து கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள், மழையில் நனைந்தால் மறுபடியும். மாமல்லபுரம் மட்டும்தான் திட்டம் என்றால் அங்கேயே வாடகை சைக்கிள் கிடைக்கிறது.

கேரியர் மாட்ட பம்பரில் ஓட்டை போட்டு வெல்டிங்கில் கொக்கி அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019-ல் சொல்லிவிட்டது, பின்னால் இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் காட்டுவார். கடைக்குப் போகும்போது கார் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். கூரை எடை போட்ட பக்கத்தைத் திறந்து வைத்து, இந்தக் கேரியர் எத்தனை கிலோ, என் மாடலுக்கான கிட் எது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் அவர் தள்ளுபடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.