கூந்தன்குளத்துக்கு ஒன்று, குலசைக்கு ஒன்று

அன்புள்ள ஐயா,

பழைய பொருள்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் உங்களிடமிருந்த நிக்கான் கேமராக்கள் பற்றி இரண்டு வரிகள் வந்தன. அதை நம்பித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் பள்ளி ஆசிரியை. கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று நிக்கான் டி300, அதனுடன் 70-300 மி.மீ. லென்ஸும் தருகிறார்கள். இன்னொன்று டி700, லென்ஸ் கிடையாது. இரண்டுக்கும் ஒரே விலை. "இரண்டும் 12 மெகாபிக்சல், இரண்டும் ஒன்றுதான், லென்ஸோடு வருவதை எடுங்கள்" என்கிறார் கடைக்காரர். "எப்போதும் ஃபுல் ஃபிரேம்தான் உயர்ந்தது" என்கிறார் உடன் வேலை செய்யும் ஆசிரியர்.

கூந்தன்குளம் பறவைகளை எடுக்க ஆசை. ஜனவரியில் போய்வந்தேன். நாரைகளும் வாத்துகளும் அழகாக இருந்தன.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவையும் எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் ஆண்டுதோறும் விரதமிருந்து காளி வேடம் கட்டுகிறார். சிறிய அறை, ஒரே ஒரு குண்டு பல்பு. அவர் முகத்துக்குச் சாயம் பூசும்போது அவருடைய அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சடைமுடியும் கிரீடமும் ஏறும்வரை "இந்தப் பக்கம் திரும்புடா" என்று அதட்டிக்கொண்டே இருப்பார். கிரீடம் ஏறியதும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கையெடுத்துக் கும்பிடுவார். போன வருடம் அதைக் கைபேசியில் எடுத்தேன். அம்மாவின் முகம் மெழுகு உருகியது போல வந்தது, கைகள் கலைந்துவிட்டன. இந்த வருடமாவது சரியாக எடுக்க வேண்டும். என் சித்தப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவருடைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது இவற்றில் பொருந்துமா?

ம.,
பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டி300 அறிவிக்கப்பட்டது 2007 ஆகஸ்டில், டி700 அடுத்த ஆண்டு ஜூலையில். இரண்டிலும் 51 புள்ளிகள் கொண்ட ஒரே ஃபோகஸ் அமைப்பு, ஒரே பேட்டரி, ஒரே காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை, ஒரே அளவுத் திரை. ஷட்டர் வேகம் இரண்டிலும் நொடியில் 8000இல் ஒரு பங்குவரை போகும். இரண்டிலும் வீடியோ கிடையாது. பொத்தான்கள்கூட ஏறக்குறைய அதே இடங்களில்தான். டி300 825 கிராம், டி700 995 கிராம். நான் இரண்டையும் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். இருட்டில் பையைத் திறந்து எடுத்தால் எடையை வைத்துத்தான் எது எதுவென்று சொல்ல முடியும்.

கடைக்காரர் விட்டுவிட்ட மறுபாதி உள்ளே இருக்கும் சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. டி300இல் அதன் அளவு 23.6 x 15.8 மி.மீ. டி700இல் 36 x 23.9 மி.மீ., அதாவது பழைய ஃபிலிமின் ஒரு சட்டத்து அளவு; இதைத்தான் ஃபுல் ஃபிரேம் என்கிறார்கள். பரப்பைக் கணக்கிட்டால் இரண்டேகால் மடங்குக்கும் சற்று அதிகம். இரண்டிலும் இருப்பவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைப் பிக்சல்கள். ஒரே அளவு நாற்றை ஒரு மா நிலத்திலும் இரண்டேகால் மா நிலத்திலும் நட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கி நட்ட வயலில் சாணளவு இடத்தில் பயிர் அதிகம். இடைவெளி விட்டு நட்ட வயலில் ஒவ்வொரு பயிருக்கும் வெயில் அதிகம். பறவைக்கு முதல் வயல் வேண்டும், உங்கள் தெருவின் குண்டு பல்புக்கு இரண்டாவது.

முதலில் பறவை. ஏரியின் நடுவே ஒரு வரித்தலை வாத்து நிற்கிறது. 300 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தைச் சென்சார் மீது எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு விழச் செய்கிறதோ, அது இரண்டு கேமராவிலும் ஒன்றேதான். ஆனால் டி300இல் அந்த உருவத்துக்கு அடியில் நெருக்கமாக அமைந்த பிக்சல்கள் இருப்பதால் இறகின் வரிகள் கூடுதல் விவரத்தோடு பதிவாகின்றன. டி300இல் 300 என்பது 450 ஆகிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். லென்ஸ் நீள்வதில்லை, படத்தின் ஓரங்கள்தான் வெட்டப்படுகின்றன. டி700 படத்தையும் அதே அளவுக்கு வெட்டலாம். வெட்டினால் 12 மெகாபிக்சலில் மிஞ்சுவது 5.1தான்.

பறவை எடுப்பவருக்கு டி300இல் இன்னொரு பெரிய அனுகூலம் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபோகஸ் அமைப்பு ஒன்றே என்றேன் அல்லவா? அந்த 51 புள்ளிகளும் டி300இன் சிறிய சட்டத்தில் இரு ஓரங்களுக்கும் அருகே வரை பரவி நிற்கும். டி700இன் பெரிய சட்டத்திலோ நடுவே குவிந்துவிடும். நாரை பறந்து சட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கினாலும் டி300 அதை விடாமல் பிடித்துக்கொண்டு வரும். நொடிக்கு ஆறு படம் எடுக்கும், டி700 ஐந்துதான். இதை வாங்கும் யாரும் மறக்கக்கூடாத ஒன்று: ரா கோப்பை (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலக்கோப்பை) 14 பிட்டில் வைத்தால் டி300இன் வேகம் நொடிக்கு இரண்டரைப் படமாகச் சரிந்துவிடும். பறவைக்குப் போகும்போது 12 பிட்டில் வையுங்கள். டி700இல் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியை நான் மூன்று முறை படித்தேன்.

ஒரு குண்டு பல்பின் கீழ், லென்ஸின் ஒளித்துளையை எஃப் 2 வரை திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) 3200இல் வைத்தால் நொடியில் 100இல் ஒரு பங்கு வேகம் கிடைக்கலாம். 3200 என்பது டி300இன் வழக்கமான எல்லையின் கடைசிப் படி. அங்கே நிழல்களில் புள்ளிகள் பொரியத் தொடங்கும், கறுப்புச் சாயத்துக்குள் இருக்கும் வேறுபாடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். டி700இன் வழக்கமான எல்லை 6400, அதற்கு மேலும் 25600 வரை நீட்டலாம். அதே தரத்தில் படம் வேண்டுமென்றால் டி700 உங்களுக்கு ஒரு படிக்குச் சற்றே கூடுதலாகத் தரும். ஒரு படி (ஒளியில் இரு மடங்கு) என்பது தாளில் சிறியதாகத் தோன்றும். அந்த அறையில் அது, 50இல் ஒரு பங்கு வேகத்துக்கும் 100இல் ஒரு பங்கு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். அம்மாவின் கைகள் மேலே எழுந்து கூடுகிற நேரத்தில், முதல் வேகத்தில் அவை கலையும், இரண்டாவதில் பெரும்பாலும் நிற்கும். கைபேசியில் நீங்கள் இழந்தது அந்தக் கைகளைத்தானே.

சித்தப்பாவின் லென்ஸ் இன்னும் முக்கியமான காரணம். சிறிய அறை என்று எழுதியிருக்கிறீர்கள். சுவரில் முதுகை ஒட்டி, அவர்களிடமிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 மி.மீ. லென்ஸில், டி700இன் சட்டத்துக்குள் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலம் விழும். மகன், கண்ணாடி, அம்மா மூன்றுக்கும் இடமிருக்கும். டி300இல் 1.2 மீட்டர்தான் விழும், யாரையாவது வெளியே விட வேண்டிவரும். நீங்கள் எழுதிய காட்சியின் உயிர் அவர்கள் இருவரும் ஒரே சட்டத்தில் இருப்பதில்தான் இருக்கிறது. உங்கள் சித்தப்பா ஸ்டுடியோவில் ஃபிலிம் கேமராவில் அந்த லென்ஸின் வழியாக எந்தக் கோணத்தைப் பார்த்தாரோ, அதே கோணத்தை டி700 உங்களுக்குத் திருப்பித் தரும்.

பொருந்துமா என்று கேட்டீர்கள். லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் நிக்கானின் எஃப் பூட்டு 1959இலிருந்து வருகிறது. 1977இல் வந்த ஏஐ வகை லென்ஸ்களும் அதற்குப் பின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தோடு வந்தவையும் இரண்டு கேமராவிலும் பொருந்தும். குவியத் தூரத்தையும் (50 மி.மீ.) அதிகபட்ச அபர்ச்சரையும் மெனுவில் ஒருமுறை பதித்துவிட்டால் ஒளி அளவீடும் நடக்கும். அது ஆட்டோஃபோகஸ் லென்ஸாக இல்லாவிட்டால், ஃபோகஸ் மட்டும் நீங்களே கையால் திருப்ப வேண்டும். சரியாக விழுந்ததும் வியூஃபைண்டரின் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரத்தின்) அடியில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும். டி700இன் வியூஃபைண்டரில் காட்சி பெரிதாகத் தெரிவதால் இருட்டில் இது எளிது. அதில் ஒரு குறையும் உண்டு. பதிவாகும் படத்தின் 95 சதவீதத்தைத்தான் அது காட்டும், டி300 முழுவதையும் காட்டும். ஓரத்தில் யாருடைய முழங்கையாவது எட்டிப் பார்க்கும், பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவின் தலையிலும் ஃபிளாஷ் ஒன்று மடங்கியிருக்கிறது. அந்த அறையில் அதைத் திறக்கவே வேண்டாம்.

ஆக, டி700ஐ வாங்குங்கள். பறவைகளுக்கு நீங்கள் மூன்று சிறிய வாக்கியங்கள் எழுதினீர்கள். அந்த அம்மா இருக்கும் தசராக் காட்சிக்கு ஒன்பது. பறவைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. வாரந்தோறும் விடியலுக்கு முன் எழுந்து ஏரிக்கரைக்குப் போகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், தயங்காமல் டி300ஐயும் அந்த லென்ஸையும் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களோடு வேலை செய்யும் ஆசிரியரின் "எப்போதும் ஃபுல் ஃபிரேம்தான்" என்ற பேச்சு அப்படிப் பறவைக்காகப் போகிறவருக்குப் பொருந்தாது.

கூந்தன்குளத்தை நீங்கள் விட்டுவிடவும் தேவையில்லை. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலக் காக்கிறார்கள், வெடிச்சத்தம்கூட எழுப்புவதில்லை. அந்தக் கூடுகளுக்குப் பெரிய லென்ஸ் வேண்டாம். திண்ணை, மரம், கூடு, கீழே நடந்துபோகும் பெண் எல்லாம் சேர்ந்த படத்துக்கு உங்கள் 50 மி.மீ. போதும். ஏரி நடுவே இருக்கும் வாத்துகளுக்கு மட்டும்தான் தொலைவு ஒரு தடை. பின்னால் பணம் சேரும்போது அந்த 70-300ஐத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். டி700இல் வெட்டி எடுத்த 5 மெகாபிக்சல் படத்தை ஏ4 தாளில் தாராளமாக அச்சிடலாம். லென்ஸ் தேடும்போது ஏஎஃப்-பி (AF-P) என்று எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள். அந்த வகை இந்த இரண்டு கேமராவிலும் ஃபோகஸ் ஆகாது.

வாங்குமுன் கடையில் அரை மணிநேரம் பொறுமையாகப் பாருங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பது படத்தின் கோப்பிலேயே பதிவாகும். ஒரு படம் எடுத்துக் கணினியில் பாருங்கள். இரண்டு கேமராவின் ஷட்டரும் 1,50,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டவை, அதை நெருங்கியதை வாங்க வேண்டாம். அட்டை செருகும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஓர் ஊசி வளைந்திருந்தாலும் வேண்டாம். மெனுவில் பேட்டரி விவரம் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். அபர்ச்சரை எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் கறை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் 85 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கடை விளக்கில் மட்டும் பார்த்து வாங்கிவந்தேன். வீட்டில் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை போல வெண்ணிழைகள் படர்ந்திருந்தன. விற்ற கடை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்த லென்ஸில் நான் எடுக்க நினைத்த ஒரு திருமணம் வேறொருவர் எடுத்த படங்களில்தான் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்றும் வருத்தம்தான். சித்தப்பாவின் லென்ஸை இப்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பீரோவுக்குள் துணிகளோடு இருந்தால் வெளியே எடுத்து, மூடிபோட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அபர்ச்சர் வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றனவா? பெரிய எண்களுக்குப் பின்னால், கேமராவோடு சேரும் விளிம்பை ஒட்டி, அதே எண்கள் சிறிதாக இன்னொரு வரிசை இருந்தால் அது ஏஐ வகை, கவலை வேண்டாம். ஒரே வரிசைதான் என்றால் 1977க்கு முந்தையதாக இருக்கலாம். அதை டி700இல் மாட்டித் திருகினால் பூட்டை ஒட்டியிருக்கும் சிறிய நெம்பு உடையக்கூடும். அப்படியிருந்தால் மாட்டிப் பார்க்காமல் வளையத்தைப் பின்பக்கமிருந்து தெளிவாகப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். தசராவுக்கு முன் வளையத்தை மாற்றிக்கொள்ள நாள் இருக்கிறது.

அன்புடன்.