பழைய நகரங்களில் தெருக்களுக்கு நெல், யானை, புளி என்றெல்லாம் பெயர் வந்தது எப்படி?

மதுரை நெல்பேட்டை, சென்னை யானைகவுனி, புளியந்தோப்பு என்று மூன்று பெயர்களைச் சொல்லி, இவை எப்படி வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் வேறு வேறு வழியில் வந்தவை. நெல், யானை, புளி என்ற முன்பாதிதான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் விஷயம் இருப்பது பின்பாதியில். பேட்டையா, மண்டியா, தோப்பா, கல்லா, கவுனியா என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்கி விற்கும் இடம். மண்டி என்றால் மொத்த வியாபாரம், அதிலும் கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கும் கடைகள். ஒரே சரக்கை விற்பவர்கள் ஒரே தெருவில் கூடியதற்குக் காரணம் உண்டு. மூட்டை ஏற்றிய வண்டிகள் நிற்க, திரும்ப இடம் வேண்டும். அளப்பவரும் நிறுப்பவரும் சுமை தூக்குபவரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுங்கம் வசூலிப்பவருக்கும் ஒரே இடமாக இருந்தால் வேலை சுலபம். வெளியூர்க்காரர் "நெல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு வருவார், அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலே பெயராக நின்றுவிடும். 'காரர்' என்று முடிந்தால் அது சரக்கின் பெயரல்ல, அங்கே குடியிருந்த தொழிலாளர், வியாபாரிகளின் பெயர். சென்னை பவழக்காரத் தெருவும் மதுரை எழுத்தாணிக்காரத் தெருவும் அப்படித்தான்.

ஆனால் பெரிய சந்தை இருந்த இடத்துக்கெல்லாம் சரக்கின் பெயர் வந்துவிடவில்லை. கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறும் வரை சென்னைக்கே காய்கறி தந்த சந்தை. பெயரில் ஒரு காய்கூட இல்லை. கொத்தவால் என்ற அதிகாரியின் சாவடிதான் இருக்கிறது.

உணவுப் பெயர் என்றாலே வியாபாரம் என்று நினைப்பதும் தவறு. மதுரை புட்டுத்தோப்பில் புட்டுக்கடைகளைத் தேட வேண்டாம். வந்திக்காகச் சிவபெருமான் புட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் அங்கேதான் நடத்துகிறார்கள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது செக்கடித் தெரு. எத்தனையோ ஊர்களில் இந்தப் பெயர் உண்டு. பெயரில் எள்ளும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆட்டிய கருவி மட்டும் இருக்கிறது. செக்கை மாடு சுற்றிவர நாலாபுறமும் இடம் வேண்டும் என்பதால், நெருக்கமான தெருவிலும் அந்த மூலை மட்டும் சற்று அகன்றிருக்கும். மரச்செக்கு மட்கிப் போயிருக்கும், ஆனால் கல்செக்கை அவ்வளவு எளிதில் யாரும் நகர்த்த மாட்டார்கள். பாதி மண்ணில் புதைந்த பெரிய கல் உரல், நடுவில் குழி, உள்பக்கம் உலக்கை உரசி உரசி ஏறிய வழவழப்பு இருந்தால் அது செக்குதான். சில செக்குகளின் விளிம்பில் செய்து கொடுத்தவர் பெயரும் வெட்டியிருக்கும். சாலை போடும்போது இதைப் பெயர்த்துப் போட்டுவிட்டால் தெருப்பெயருக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். எங்காவது கண்டால் எழுத்து தெரிகிற மாதிரி, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

விலங்குப் பெயர்களில் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். மதுரை யானைக்கல்லும் சிம்மக்கல்லும் யானை கட்டிய இடமோ சிங்கம் திரிந்த இடமோ அல்ல. அங்கே இருந்தவை கல்லில் செதுக்கிய யானையும் சிங்கமும். பெயரிலேயே 'கல்' இருக்கிறது. யானைகவுனியில் கவனிக்க வேண்டியது கவுனி, அதாவது கோட்டை மதிலின் வாயில். 1760களின் இறுதியில் ஹைதர் அலியின் படை சென்னை வரை வந்து மிரட்டியதைத் தொடர்ந்து, கோட்டைக்கு வடக்கே இருந்த கருப்பர் நகரைச் சுற்றி ஆங்கிலேயர் மதில் கட்டினார்கள். யானைகவுனி அந்த மதிலின் மேற்குப் பக்கத்து வாயில். மதில் போய்விட்டது, வாயிலின் பெயர் இருக்கிறது. பக்கத்து வால்டாக்ஸ் சாலையும் அதே மதிலின் மிச்சம்தான். அந்த 'வால்' விலங்கின் வால் அல்ல, மதிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்; 'டாக்ஸ்' என்றால் வரி. மதிலுக்கான செலவை ஈடுகட்ட நகரவாசிகள் மீது போட நினைத்த வரிதான் பெயராக நின்றது.

மரம், செடிப் பெயர்களில் பின்பாதி இன்னும் துல்லியமாகப் பேசும். தோப்பு என்றால் யாரோ நட்டு வளர்த்தது, காடு என்றால் தானாக வளர்ந்தது, மரத்தடி என்றால் ஒற்றை மரம். புளியந்தோப்பு முதல் வகை. திருவல்லிக்கேணியில் அல்லியும் கேணியும் சேர்ந்தே இருக்கின்றன. பார்த்தசாரதி கோயில் குளத்தின் வடமொழிப் பெயர் கைரவிணி. கைரவம் என்றாலும் வெள்ளல்லிதான். இரண்டு மொழியும் ஒரே பூவைச் சொல்லும்போது அந்த விளக்கத்தைத் தயங்காமல் நம்பலாம்.

தவறு பெரும்பாலும் எழுத்தில்தான் நடக்கிறது. ஆங்கிலப் பலகையை வைத்துப் பொருள் தேடாதீர்கள். சூளைமேட்டில் செங்கல் சூளை இருக்கிறது, பலாச்சுளை இல்லை; குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். மாம்பலத்தை மாம்பழம் என்று விளக்குபவர்கள், பழைய ஆவணம் ஒன்றிலாவது 'ழ' இருப்பதைக் காட்ட வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் சிந்தனையும் இல்லை, திரியும் இல்லை. 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றிய 'சின்னத் தறிப் பேட்டை'தான் வாய்வழக்கில் இப்படி ஆனது.

உங்கள் தெருவின் பெயரை நீங்களே தேட விரும்பினால் முதலில் தெருவின் பழைய வீடு ஒன்றின் மூலப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும் பத்தியைப் படியுங்கள். "இன்னார் செக்குக்கு மேற்கு, புளியமரத்துக்குத் தெற்கு" என்பது போன்ற குறிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்த வீட்டுப் பத்திரத்தையும் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே பத்திரத்தை நம்பினால் எழுதியவரின் கைப்பிழையையும் சேர்த்து நம்ப வேண்டி வரும். பிறகு நகர நில அளவைப் பதிவேடு, அதன் பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய வரைபடங்கள். மூன்று இடத்திலும் பெயர் வேறு வேறாக இருந்தால் காலத்தால் மூத்த தமிழ் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருப்பலகையைக் கடைசியில் பாருங்கள். சாதிப் பெயர்களை நீக்கியபோது பல பலகைகளில் பெயரின் ஒரு பகுதி போய்விட்டது. இன்று மிச்சம் இருக்கும் சொல்லை மட்டும் வைத்து யோசித்தால் வழி தவறிவிடும்.