கீமோதெரபியால் புண்ணாகும் குடலுக்குத் தாவரச் சாறு: எதைச் சோதிக்கிறார்கள்?

புற்றுநோய்க்கான கீமோதெரபி மருந்துகளால் குடலின் உட்சுவர் புண்ணாகி, வயிற்றோட்டமும் வலியும் உண்டாவதை ஒரு தாவரத்தின் சாறு தணிக்குமா என்று, முதலில் எலிகளிலும் பின்னர் மனிதரிலும் அளந்து பார்ப்பதே இந்தச் சோதனை.

இம்மருந்துகள் விரைவாகப் பிரியும் கலங்களைத் தாக்குகின்றன. சில நாட்களுக்கொருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் குடற்சுவரின் கலங்களும் அத்தகையவையே. வன்னியில் காலபோக வயலுக்குக் களைநாசினி அடிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அளவோ காலமோ தவறினால் புல்லோடு நெற்பயிரும் கருகும்.

எலியின் குடற் சடைமுளைகள், அதாவது குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல்போன்ற நுண்ணிய நீட்சிகள், எவ்வளவு குட்டையாகின, உடல் எடை எவ்வளவு குறைந்தது என்பவற்றை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். ஆனால் அந்தச் சாறு பயிரோடு புல்லையும், அதாவது புற்றையும், காப்பாற்றிவிடுமா என்பதே என் கருத்தில் முதன்மையான கேள்வி. அதிமதுர இனம் உட்பட நான்கு மூலிகைகள் சேர்ந்த பழைய சீனக் கசாயமொன்று, இரினோடெகான் என்ற கீமோ மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் குடலை மீளத் தழைக்கச் செய்ததென்றும், கட்டியின் மீதான மருந்தின் தாக்கத்தைக் குறைக்கவில்லை என்றும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2010இல் வெளியிட்டனர்.

முற்றத்து வல்லாரையை அரைத்துக் குடிப்பதும் இதுவும் ஒன்றே எனப் பலர் எண்ணுவது தவறு. சோதனையில் சாற்றின் செறிவு நிலைப்படுத்தப்பட்டிருக்கும், அளவறியாத சாறோ கீமோ மருந்தை ஈரல் கையாளும் விதத்தையே மாற்றக்கூடும் என்பதால், சிகிச்சைக் காலத்தில் எதைக் குடிப்பதானாலும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.