கிரேட் பேர் ஏரி வரைபடம்: நீர் வெளியேறும் திசையும் ஆழமும்

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக நீங்கள் வரையும் வரைபடத்தில் கிரேட் பேர் ஏரியின் நீர் தெற்கே கிரேட் ஸ்லேவ் ஏரிக்குச் செல்வதாகவும், அதன் ஆழம் 614 மீட்டர் என்றும் குறித்திருப்பதாகவும், இவை சரிதானா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் திருத்த வேண்டும். 614 மீட்டர் என்பது கிரேட் ஸ்லேவ் ஏரியின் ஆழம். கிரேட் பேரின் மிகுந்த ஆழம் சுமார் 446 மீட்டர்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், முழுவதும் அந்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஏரிகளுள் மிகப் பெரியதான இதன் நீர், தென்மேற்கிலுள்ள கீத் கிளை என்னும், கைபோல் நீண்ட ஏரிப்பகுதியின் முனையிலிருந்து கிரேட் பேர் ஆறாகப் புறப்பட்டு, மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, துலிதா என்னும் ஊரருகே மெக்கென்சி ஆற்றில் கலக்கிறது. மெக்கென்சியோ கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து பிறந்து, வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலை நோக்கிச் செல்வது. ஆகவே இரு ஏரிகளின் நீரும் துலிதா அருகேதான் ஒன்றுசேர்கின்றன.

கரைகளை ஒரே நிறத்தில் தீட்டிவிடாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஏரியின் அழகே அங்குதான் இருக்கிறது: மெக்டாவிஷ் கிளை அமைந்த கிழக்குப் பகுதி கனடியக் கேடயம் எனப்படும் பரந்த பாறை நிலப்பரப்பின் தொன்மையான கடும்பாறை, மேற்கோ படிவுப் பாறைகளாலான சமவெளி. பனியாறுகள் இந்த எல்லையோரத்தை அரித்துக் குடைந்ததால்தான் ஏரி ஐந்து கிளைகளாக விரிந்து கிடக்கிறது.

ஆர்க்டிக் வட்டத்தை ஏரியின் வடபகுதியின் குறுக்கே வரையுங்கள். கரையில் மக்கள் நிலையாக வாழும் ஒரே ஊரான டெலினேயைக் கீத் கிளையில், ஆறு புறப்படும் இடத்துக்கு அருகே குறியுங்கள்.