மாமனாரிடம் நேசமணியை விளக்குவது எப்படி?

மாமனார் சுத்தியல் கேட்டதும் “நேசமணி இப்ப எப்படி இருக்கார்?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டீர்கள். அவர் யாரோ நிஜமாகவே ஆஸ்பத்திரியில் கிடப்பதாக நம்பி தினமும் விசாரிக்கிறார். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

2019 மே மாதக் கடைசியில் ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டதையும், நம்மாள் ஒருவர் காண்ட்ராக்டர் நேசமணி மண்டை உடைந்த கதையை அவிழ்த்துவிட்டதையும், ட்விட்டரே பிரார்த்தனையில் இறங்கியதையும் அவரிடம் விளக்கப் போகாதீர்கள். பாதியிலேயே எழுந்து போய்விடுவார். பேசாமல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக வரும் வடிவேலு தலையில் சுத்தியல் விழும் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். 2001 படம், அவருக்கே நினைவிருக்கும்.

அதுவும் இன்றைக்கே செய்யுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கக் கிளம்பிவிடப் போகிறார்.