கண்ணாடிக் கடை போடலாம், நகையை மீளடகு வைக்க வேண்டாம்

கேள்வி: திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் எட்டு வருடமாக லென்ஸ் பொருத்துகிறேன். சொந்தக் கடை போட ஆசை. சேமிப்பு 6 லட்சம். மனைவியின் நகை 14 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது, வருட வட்டி 15 வீதம். மூன்று முறை மாற்றி வைத்தாயிற்று. அதில் 9 லட்சம் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தது. இப்போது தங்கம் ஏறியிருப்பதால் 20 லட்சம் வரை தருவார்கள். மச்சான் இன்னும் 3 லட்சம் கேட்கிறார். மீதியைக் கடைக்குப் போட்டு, லென்ஸ் வெட்டும் ஓட்டோ மெஷினை மாதம் 55,000 லீசிங்கில் எடுக்கலாமா?

பதில்: மெஷினை விடுங்கள், முதலில் இந்த மீளடகைப் பார்ப்போம். தங்கம் ஏறும்போதெல்லாம் சீட்டை மாற்றிக் காசு எடுக்கிறீர்கள். ஒரு பவுன்கூட இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாளைக்கு விலை இறங்கினால் அதே நகைக்கு அவ்வளவு தரமாட்டார்கள். வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏலம்.

கணக்கைப் பாருங்கள். வாடகை 35,000, உதவிக்கு ஒரு பிள்ளை 35,000, கண் பரிசோதகர் வாரம் இரண்டு நாள் வர 20,000, கரண்ட், போன் 10,000. வீட்டுச் செலவு 70,000. மொத்தம் 1,70,000. ஒரு கண்ணாடியில் செலவு போக 3,500 நிற்கும் என்று வைத்தால் மாதம் 49 கண்ணாடி, நாளுக்கு இரண்டு. புதுக் கடைக்கு இதுவே பாடு. 20 லட்சத்துக்கு மாத வட்டி 25,000. அதற்கு மேலும் ஏழு கண்ணாடி. லீசிங்குக்குப் பதினாறு. ஆக 72.

மெஷின் இல்லாமல் லென்ஸைக் கொழும்பில் வெட்டி எடுப்பித்தால் கண்ணாடிக்கு 700 ரூபா போகும் என்று வைத்தாலும், மாதம் 79 கண்ணாடி வெட்டினால்தான் மெஷின் தன் தவணையைத் தானே கட்டும். இப்போது அது வேண்டாம். பிரேமைச் சூடாக்கிக் காதுக்குப் பின்னால் உறுத்தாமல் வளைப்பதும், கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீற்றர் பிசகாமல் அளப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. சனம் திரும்பி வருவது அதற்குத்தான். ஆனால் கண் பரிசோதனை வேறு படிப்பு, படித்தவரிடமே விடுங்கள்.

நீல ஒளி தடுக்கும் லென்ஸை மொத்தமாக வாங்கி அடுக்கச் சொல்வார்கள். கணினி பார்ப்பவரின் கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. அதில் காசை முடக்காதீர்கள். நாற்பது தாண்டியவர்களின் வெள்ளெழுத்துக் கண்ணாடிதான் அன்றாட வியாபாரம்.

மாரி மழையில் மூதூர், கிண்ணியாச் சனம் டவுனுக்கு வருவது குறையும். அதனால் சம்பளத்திலேயே இருந்துகொண்டு, மாரி முடிந்த பிறகு 6 லட்சத்துக்குள் சின்னதாகத் தொடங்குங்கள். பிரேம்களை விற்ற பிறகு காசு தரும் ஏற்பாட்டில் கேளுங்கள். எட்டு வருடப் பழக்கத்தில் ஒரு விநியோகஸ்தராவது சம்மதிப்பார்.

மச்சானுக்கு இனி ஒரு சதமும் வேண்டாம் தம்பி. அவர் எடுத்த 9 லட்சத்துக்கு மட்டும் மாத வட்டி 11,250. அசல் பிறகு வரட்டும், இந்த வட்டியை அடுத்த மாதத்திலிருந்து அவரே அடகுக் கடையில் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பேசும்போது மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். நகை அவருடையது.